குளத்துக்கு வந்த ஊக்கு

எழுந்து நிற்கலாம் என்று சொல்லியாயிற்று. எல்லோரும் நின்றும் ஆயிற்று. இந்தக் குளத்தில் இந்த நேரத்தில் மிதக்கிற பலகைமேல் முட்டி போட்டுக்கொண்டிருக்கும் ஒரே ஆள் நான்தான். சொல்லிக் கொடுக்கிற பையன், ரீகன் என்று பெயர், தூத்துக்குடிப் பக்கம், அவன் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. முதலில் முட்டி போடணும், அப்புறம் ஒரு காலை முன்னால் ஊன்றணும், அப்புறம் அடுத்த கால், கீழே பார்க்காமல் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்கணும், அவ்வளவுதான் அக்கா என்றான். அவ்வளவுதானாம். நான் தூரத்தில் மேம்பாலத்தைப் பார்த்தேன். மேம்பாலத்தில் போன பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்தாள். ஊன்றிய காலை உடனே மடக்கிக்கொண்டேன். கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் தூங்காமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. குளத்தைச் சுற்றிக் கல் பாவிய நடைபாதை, அதில் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், நடக்க வந்து நின்று பேசுகிறவர்கள், அருகம்புல் ஜூஸை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவர்கள், இத்தனை பேருக்கும் பார்க்க வேறு ஒன்றும் இல்லை. ஐம்பது வயசுப் பொம்பளை, மகனுடைய பழைய ட்ராக் பேண்ட், மருமகளுடைய டீ-சர்ட், அதற்கு மேலே ஆரஞ்சுக் கலரில் லைஃப் ஜாக்கெட், காற்றடித்த பலகையில் மண்டி போட்டு, கையில் தன்னைவிட உயரமான துடுப்பு. சாமி கும்பிட வந்தவள் வழி தவறிக் குளத்தில் இறங்கிவிட்டாள் என்று நினைப்பார்கள். அப்படி நினைத்தால்கூடத் தேவலை. வீட்டில் அவரிடம் சொல்லிவிட்டு வந்ததும் அதுதான், மருமகளோடு ஈச்சனாரி கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று. போகும்போது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடு என்றார். திரும்பிப் போகும்போது நெற்றியில் திருநீறு வேண்டும், அதற்கு எங்கே போவது.

இந்துஜா முன்னால் போகிறாள். என் மருமகள். நிற்கிறாள் என்று சொல்வதா, மிதக்கிறாள் என்று சொல்வதா, துடுப்பை இந்தப் பக்கம் மூன்று தள்ளு, அந்தப் பக்கம் மூன்று தள்ளு, முதுகு நேராக இருக்கிறது, தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள், கழுத்து வெறுமையாக இருக்கிறது. கழுத்தைப் பார்க்காதே. கோயமுத்தூர் வந்ததிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு இதற்கு வருகிறாளாம். கல்யாணமாகி ஒரு வருஷம் எங்கள் வீட்டில் இருக்கிறாள், எனக்கு இது தெரியாது. ஜிம்முக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, ஞாயித்துக்கிழமை என்கூட ஒரு இடத்துக்கு வர்றீங்களா அத்தை என்று கேட்டாள். சரி என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் நான் இல்லை. அந்த மண்டபத்துச் சங்கதிக்கு அப்புறம் அவள் எதைக் கேட்டாலும் சரி என்பது என்று வைத்திருக்கிறேன். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் எடுத்து வைத்தேன், நல்லாருக்குங்க அத்தை என்று சாப்பிட்டாள். அவளுக்குப் பிடிக்கும் என்று பலாச்சுளை வாங்கி வைத்தேன், அதையும் சாப்பிட்டாள். எதற்கும் முகம் கோணவில்லை. கோணியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. இப்போது எதற்கு அதையெல்லாம், கீழே பார்க்கக் கூடாது, தூரத்தில் பார், அதோ கூழைக்கடாப் பறவை ஒன்று மரக்கட்டை மேலே உட்கார்ந்திருக்கிறது, தாடையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அதுவும் என்னைத்தான் பார்க்கிறது.

எடையை ரீகன் கேட்டபோது அறுபத்தெட்டு என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. பக்கத்தில் ரெண்டு சின்னப் பெண்கள் நின்றிருந்தார்கள், இடுப்பு என்று சொல்ல எதுவும் இல்லாத பெண்கள், அவர்கள் முன்னால் எப்படி எண்பத்து மூன்று என்று சொல்வது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சரிக்கா என்றான். அடுத்தது, கழுத்தில் காதில் ஏதாவது இருந்தால் கழற்றிப் பையில் போட்டுப் பூட்டிவிடுங்கள் என்றான். அந்தப் பெண்கள் வளையத்தையும் சங்கிலியையும் கழற்றினார்கள். நான் தோட்டைக் கழற்றினேன். தாலிக்கொடியை டீ-சர்ட்டுக்குள்ளே தள்ளி, அதற்கு மேலே லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பக்கிளை இறுக்கி, ஆச்சுங்க தம்பி என்றேன். ஒரே நாளில் ஒரே ஆளிடம் ரெண்டு பொய், அதுவும் கோயிலுக்கென்று கிளம்பிய நாளில். கொடியைக் கழற்றுவது என்பது நடக்கிற காரியமா. பிரசவத்துக்குப் போனபோதுகூட நர்ஸம்மா பஞ்சு சுற்றி அப்படியே விட்டுவிட்டாள். அதோடு, இந்துஜா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் நான் அதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பூட்டினால், அப்புறம் நான் பேசிய பேச்சுக்கு என்ன அர்த்தம். ஆக, கழற்றாமல் வந்தது பக்தியால் இல்லை கலாமணி, வீம்பால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடியோடு சேர்ந்து ஊக்குகளும் வந்திருக்கின்றன. சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஒரு கொத்து. எல்லாப் பொம்பளைகளின் கொடியிலும் தொங்குகிறதுதான். முந்தானைக்கு ஒன்று, பிளவுஸ் கொக்கி அறுந்தால் ஒன்று, எங்கேயாவது யாராவது கேட்டால் கொடுக்க ஒன்று. யாராவது கேட்டால். மறுபடி அங்கேயே போய் நிற்கிறது, இந்த மனசை என்ன செய்வது.

கரையில் பச்சைச் சுடிதாரும் வெள்ளை ஷூவுமாக ஒருத்தி வேகமாக நடந்து வருகிறாள், நாத்தனார் மாதிரி இருக்கிறது. இல்லை, நாத்தனார் இவ்வளவு வேகமாக நடக்க மாட்டாள். ஆனால் அவள் வீடு இங்கிருந்து ரெண்டு தெரு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், வந்தாலும் வருவாள். பார்த்தால் போதும், மத்தியானத்துக்குள் பொள்ளாச்சி வரைக்கும் போன் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததில் துடுப்பு பலகையில் தட்டிப் பலகை ஆடியது, ஒரு கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் பையன்களைக் கிணற்றில் தள்ளிப் பழக்குவார்கள், பெண்பிள்ளைகள் மேலே நின்று துணிக்குக் காவல் இருப்போம். லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, மூழ்க மாட்டேன், ரீகன் அடித்துச் சொன்னான், நூறு கிலோ ஆளையும் தூக்குமாம். நூறு கிலோ என்று சொல்லும்போது என்னைப் பார்த்தானோ. பலகையிலிருந்து ஒரு சுருள் கயிறு வந்து என் கணுக்காலில் கட்டியிருக்கிறது, விழுந்தாலும் பலகை என்னை விட்டுப் போகாது. விழுந்தால் எப்படி மேலே ஏறுவது என்றும் சொல்லிக் கொடுத்தான், வயிற்றால் ஏறி நீந்துகிற மாதிரி காலை உதைத்து. அத்தனை பேர் பார்க்க நான் வயிற்றால் ஏறுவதற்கு அடியிலேயே இருந்துவிடலாம். தண்ணீர் பச்சையாக இருக்கிறது. ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. அது அழுகின வாசமும் யாரோ கரையில் வடை சுடுகிற எண்ணெய் வாசமும் சேர்ந்து வருகின்றன. பசிக்கிறது, இந்த வெட்கத்திலும் பசிக்கிறது, அதுவும் ஒரு வெட்கம்.

ஒரு சத்தம் கேட்கிறது. ஸ் என்று, மெல்லிசாக. முதலில் நான்தான் மூச்சு விடுகிறேன் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், அது நிற்கவில்லை. முட்டி ஈரமாக இருக்கிறது. ஏறும்போதே நனைந்ததுதான், ஆனால் அப்போது ஜில்லென்று இருந்தது காய்ந்துகொண்டு வந்தது, இப்போது மறுபடி ஜில்லென்கிறது. பலகையின் நடுப்பாகம், நான் மண்டி போட்டிருக்கிற இடம், கொஞ்சம் தாழ்ந்த மாதிரி. முன்னால் மூக்கு மேலே தூக்கிக்கொண்ட மாதிரி. எடைதான். அறுபத்தெட்டுக்கு என்று கொடுத்த பலகை எண்பத்து மூன்றை எப்படித் தாங்கும். அவன் அதற்குத்தானே கேட்டான், பொண்ணு பார்க்கவா கேட்டான். உண்மையைச் சொல்லியிருந்தால் பெரிய பலகையாகக் கொடுத்திருப்பான். இப்போது கையைத் தூக்கிக் கூப்பிடணும். கூப்பிட்டால் அவன் வருவான், அக்கா நீங்க அறுபத்தெட்டுன்னு சொன்னீங்களே என்று கேட்பான், அவன் சத்தமாகப் பேசுகிறவன், கடல்கரையில் வளர்ந்த குரல், அந்த ரெண்டு பெண்களுக்கும் கேட்கும், நடைபாதையில் போகிறவர்களுக்கும் கேட்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். மறுகரையைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுதான் கணக்கு, அதுவரைக்கும் தாங்கினால் போதும். வயிற்றை எக்கிக்கொண்டேன். வயிற்றை எக்கினால் எடை குறையுமா. குறையாது, தெரியும், ஆனாலும் எக்கிக்கொண்டுதான் துடுப்புப் போடுகிறேன்.

அந்தப் போட்டோவிலும் நான் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்கிறேன். மண்டபத்தில் எடுத்த போட்டோ, நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து, குடும்பமே வரிசையாக நிற்கிறது, ஓரத்தில் இந்துஜா இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லோரும், உங்க மருமக நல்லா ஸ்டைலா நிக்கறாங்களே என்கிறார்கள். ஸ்டைல் இல்லை. கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புதுப் பட்டு, நான் எடுத்துக் கொடுத்தது, நழுவுகிற ரகம். அவளுக்குப் புடவை பழக்கமில்லை. கொசுவம் பிரிகிறது என்று பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, குனிந்து, என் காதோரமாக, "அத்தை, ஒரு ஊக்கு இருக்குங்களா?" என்று கேட்டாள். காதோரமாகத்தான் கேட்டாள். நான்தான் சபைக்குச் சொன்னேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நாத்தனார் கேட்டிருந்தாள், ஏன் கலாமணி, உன்ற மருமக கழுத்துல ஒண்ணையும் காணோமே என்று. அது உள்ளே எரிந்துகொண்டிருந்தது. நானா கழற்றி வைக்கச் சொன்னேன், ஆபீசுக்கு வசதியில்லை என்று அவளே அலமாரியில் வைத்தாள், சஞ்சீவும் சரி என்றான், பெற்ற மகன் சரி என்ற பிறகு நான் என்ன சொல்ல முடியும். அன்றைக்குக் காலையில் போட்டுக்கொள்ள மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் அத்தனை பேரும் என் பதிலைத்தானே பார்ப்பார்கள். "ஊக்கு தொங்கவுடத்தான் கழுத்துல ஒண்ணு கட்டிவுட்டோம். அதை அலமாரில வெச்சுப்போட்டு வந்தா ஊக்கு எங்கிருந்து வரும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்லாக் கேட்டே என்று நாத்தனார் என் தொடையில் தட்டினாள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. என் கழுத்தில் அந்த நேரம் ஒரு கொத்து ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பெரியதும் இருந்தது, கொசுவத்துக்கென்றே இருக்கிற பெரிய ஊக்கு. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன், அதையும் அவள் பார்த்தாள். அப்புறம் அவளும் சிரித்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே பந்தி பரிமாறினாள்.

பரிமாறி முடிந்து கார் ஏறும்போது கொடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது. மன்னித்துக்கொள் என்று மாமியார் மருமகளிடம் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் மாமியார் என்னை ஒரு முறை சோற்றுத் தட்டோடு எழுப்பிவிட்டாள், மறுநாள் கொஞ்சம் கூடுதலாக நெய் ஊற்றினாள், அதோடு கணக்கு முடிந்தது என்று நானும் எடுத்துக்கொண்டேன். முடிந்ததா. முடிந்திருந்தால் இந்தத் தண்ணீருக்கு நடுவில் அந்தத் தட்டு ஏன் ஞாபகம் வருகிறது. அதே மாதிரி இவளும் என்னைப் பார்க்கிற போதெல்லாம் அந்த ஊக்கைத்தான் பார்ப்பாள், எனக்குப் பேரன் பிறந்த பிறகும், நான் படுக்கையில் விழுந்த பிறகும். முட்டிக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது. பலகை நடுவில் மடங்குகிறது, என்னை மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி. இப்போதுதான் புரிகிறது, இவள் வேண்டுமென்றேதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சபையில் நான் செய்ததற்கு இது சபை. சரியான சபை, கோயமுத்தூரே வந்து நிற்கிறது. ட்ராக் பேண்ட் போடவைத்து, முட்டி போடவைத்து, சின்னப் பலகை கொடுக்கவைத்து. நியாயம்தான். நான் அவள் இடத்தில் இருந்தால் இதைவிட மோசமாகச் செய்திருப்பேன். இப்படி நினைத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, கடன் தீர்ந்தாற்போல. அந்த நேரம் பார்த்து அவள் திரும்பினாள். அத்தை, பரவாயில்லைங்களா என்று கேட்டாள். "நல்லாருக்குது கண்ணு, நீ போ," என்றேன். என் குரல் எனக்கே சிரிப்பாக இருந்தது, கழுத்து வரைக்கும் கிணற்றில் நின்று பேசுகிற மாதிரி.

அவள் போகவில்லை. துடுப்பைப் பின்பக்கமாகப் போட்டுப் பலகையை வட்டமாகத் திருப்பிக்கொண்டு வந்தாள். என் முட்டியைப் பார்த்தாள், மடங்கின பலகையைப் பார்த்தாள், எப்பருந்துங்க இப்படி என்றாள். நான் ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம் மெதுவாக, கிட்டத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, எடையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் கண்ணு, அதுதான் தாங்கவில்லை என்றேன். அவள் சிரிப்பாள் என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "எடை இல்லீங்க அத்தை," என்றாள். "எண்பத்தி மூணுன்னு நான் ரீகன்கிட்ட வெள்ளிக்கெழமையே சொல்லிட்டேன். இருக்கறதுலயே பெருசு உங்களுதுதான்." சர்க்கரை டெஸ்ட்டுக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். எடை மெஷினில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறியபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பெரிய பலகை. எனக்கென்று முன்கூட்டியே கேட்டு எடுத்து வைத்த பலகை. நான் கட்டி வைத்திருந்த நியாயமெல்லாம் தண்ணீரில் போயிற்று, இவள் என்னைப் பழி வாங்கவில்லை, சும்மா கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், தனக்குப் பிடித்த இடத்துக்கு. எங்கயோ காத்து போகுதுங்க, கையால தொட்டுப் பாருங்க என்றாள். தடவிப் பார்த்தேன். வலது முட்டிக்குப் பக்கத்தில், மெத்தென்று ஒட்டியிருந்த விரிப்பில், ஏதோ இரும்பு இடறியது.

பார்க்காமலே தெரிந்துவிட்டது. ஏறும்போது நாலு காலில் தவழ்ந்து ஏறினேன், அப்போது கொடி சட்டைக்குள்ளிருந்து ஊஞ்சல் மாதிரி வெளியே வந்து விழுந்தது, அதன்மேல் முட்டியை வைத்துவிட்டேன், அவசரமாக இழுத்து உள்ளே திணித்துக்கொண்டேன். இழுத்தபோது ஒன்று திறந்துகொண்டு பின்தங்கியிருக்கிறது. பெரிய ஊக்கு. கொசுவத்து ஊக்கு. முக்கால்வாசி உள்ளே இறங்கி, தலை மட்டும் தெரிய, எண்பத்து மூன்று கிலோவும் சேர்ந்து அழுத்தி. அவள் பார்ப்பதற்குள் மறைக்கணும் என்றுதான் தோன்றியது. யோசிக்காமல் வெடுக்கென்று பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டேன். பிடுங்கியிருக்கக் கூடாது. அதுவரைக்கும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததும் அதுதான். ஸ் என்ற சத்தம் இப்போது இரட்டிப்பாயிற்று, சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கினாற்போல முட்டிக்கருகில் குமிழி குமிழியாக வந்தது. இந்துஜா என் மூடின கையை ஒரு கணம் பார்த்தாள். தூரத்திலிருந்து ரீகன் விசில் ஊதினான், என்னாச்சு என்று கத்தினான், அந்த ரெண்டு பெண்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள், நடைபாதையில் ஜூஸ் டம்ளரோடு நாலைந்து பேர் கம்பியோரம் வந்தார்கள். "முள்ளு குத்திருச்சு போல ரீகன்," என்று அவள் குரல் கொடுத்தாள். "கரையோரத்து முள்ளு. அத்தையை நான் கூட்டிட்டு வந்துடறேன்."

முள்ளாம். எனக்காகச் சொல்கிறாள். சபையில், சத்தமாக, எனக்காக ஒரு பொய். என் கணுக்கால் கயிற்றை அவிழ்த்துத் தன் பலகையில் மாட்டினாள், தன் பலகையை என் பலகையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, என் தோளில் கை வெச்சுக்கோங்க, மெதுவா, அவசரமே இல்லை என்றாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். ஈரத் தோள், சின்னத் தோள். பலகை ஆடியது, பயத்தில் அவள் டீ-சர்ட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன், கரையில் யாரோ விழப்போகுது விழப்போகுது என்றார்கள், விழவில்லை. இப்போது நான் அவள் பலகையின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், குழந்தையைக் கைவண்டியில் வைத்துத் தள்ளுகிற மாதிரி அவள் பின்னால் நின்று துடுப்புப் போடுகிறாள். என் பலகை காற்றுப் போய்க் கயிற்றில் இழுபட்டுக்கொண்டு பின்னால் வருகிறது. என் துடுப்பு மடியில் இருக்கிறது. ஊக்கு கையில் இருக்கிறது. குளத்தில் போட்டுவிடலாம், பச்சைத் தண்ணீர், யாருக்குத் தெரியப்போகிறது, முள் என்றே ஊரெல்லாம் நம்பும், அவளும் நம்புகிற மாதிரி நடிப்பாள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடிப்பாள், மண்டபத்தில் சிரித்தாளே அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே. எனக்கு அது வேண்டாம். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது, இப்படி உட்கார்ந்தால்தான் என்னால் சொல்ல முடியும், கரை ஏறினால் நான் மறுபடி மாமியார் ஆகிவிடுவேன். "முள்ளு இல்ல கண்ணு," என்றேன். "என்ற ஊக்கு." அவள் ரெண்டு தள்ளு தள்ளினாள். பாத்தேனுங்க அத்தை என்றாள். பார்த்திருக்கிறாள். அன்றைக்கும் பார்த்தாள். நான் கையை விரித்தேன், ஊக்கு உள்ளங்கையில் அச்சாகப் பதிந்திருந்தது. "அன்னைக்கு நீ கேட்டயே, இது என்ற கழுத்துலதான் இருந்துது. குடுத்திருக்கோணும். குடுக்காம அத்தனை பேர்த்து முன்னால உன்னையப் பேசிப்போட்டேன். தப்பு கண்ணு."

துடுப்புச் சத்தம் நின்றது. பலகை தானாகக் கொஞ்ச தூரம் போயிற்று. மேம்பாலத்தில் வண்டிகள் போகிற சத்தம், கூழைக்கடா இறக்கையை உதறிய சத்தம். அழுகிறாளோ, சிரிக்கிறாளோ, திரும்பிப் பார்க்க முடியவில்லை, திரும்பினால் ரெண்டு பேரும் விழுவோம். நான் ஊக்கை மூடி, குத்தாத பக்கமாகத் திருப்பிப் பிடித்து, தோளுக்கு மேலே கையைப் பின்னால் நீட்டினேன். வாங்கிக்கொள்கிறாளா என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் துடுப்பு மறுபடி தண்ணீரில் இறங்கியது. "ரெண்டு கையும் துடுப்புல இருக்குதுங்க அத்தை," என்றாள். "கரைக்குப் போய் வாங்கிக்கறேன்." குரல் கரகரத்திருந்தது. கரையில் இன்னும் கூட்டம் கலையவில்லை, பச்சைச் சுடிதார்க்காரியும் நின்றுவிட்டாள், நாத்தனாரேதானோ என்னவோ. இருக்கட்டும். கை வலிக்க ஆரம்பித்துவிட்டது. நான் கையை மடக்கவில்லை.